விதைக்கு வாக்கு கிடையாது

செப்டம்பர் 4, வியாழன்

இன்று இலக்கியாவுக்கு ரத்தம் ஏற்றினோம். எடை பதினேழரை. காய்ச்சல் இல்லை.

இவ்வளவுதான் எழுதி வைக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அதற்காகத்தான் உரக்கடையில் மாமாவுக்கு இலவசமாகக் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வெள்ளைத்தாள், அங்கங்கே இலக்கியா வரைந்த கோழிகள். பேனாவைப் பிடித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வாயால் பேசினால் வீட்டில் சண்டை வருகிறது, அதனால் மற்றதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

மாமா என்றால் என் வீட்டுக்காரர், வேடியப்பன். என் அப்பாவின் அக்கா மகன். எங்கள் குடும்பத்தில் வெளியே பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. சொத்து சிதறக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே கட்டி வைத்தார்கள். சிதறவில்லை. எல்லாம் பத்திரமாக வந்து என் பிள்ளை தலையில் உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறுகிற இடத்திலேயே கோளாறு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை யாரோ புண்ணியவான் கொடுத்த ரத்தத்தை ஏற்றினால் பள்ளிக்கூடம் போவாள், கோழி துரத்துவாள். நாலு நாள் தள்ளிப்போனால் வாசற்படி ஏற மூச்சு வாங்குவாள். எனக்கும் மாமாவுக்கும் அந்தக் கோளாறில் பாதிப் பாதி இருக்கிறதாம். எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பாதியும் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்று நரம்பு கிடைக்கவே இல்லை. சிஸ்டர் திரும்பத் திரும்பக் குத்தினார். இலக்கியா அழுவதில்லை, மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு உதட்டை மடித்துக்கொள்வாள். அழுதாலாவது பரவாயில்லை. எப்போதும் இடது கையைத்தான் நீட்டுவாள். வலது கையைக் கேட்டால் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். "இது படம் வரையற கை" என்பாள். ஏழு வயது.

வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு டெஸ்ட் எடுத்து ஒரு வாரமாகிறது. இன்னும் பதில் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இந்தக் குழந்தைக்கு நோய் இல்லை. எங்களைப் போலப் பாதிதான். அத்தை ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கினார். மாதம்மாள் என்றால் எங்கள் ஊரில் வாய்க்குப் பேர் போனவர், மாமாவின் அம்மா. அவர் கண்ணில் தண்ணீர் பார்த்தது இன்றுதான்.

ஆனால் நாங்கள் எதிர்பார்ப்பது வேறு. இலக்கியாவுக்கு நிரந்தரமாகச் சரியாக வேண்டும் என்றால் எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். அதற்குப் பொருந்துகிற ஆள் வேண்டும். நானும் மாமாவும் பாதிதான் பொருந்துவோம், பெற்றவர்கள் எல்லாரும் அப்படித்தானாம். முழுக்கப் பொருந்தினால் கூடப்பிறந்ததுதான் பொருந்தும். அதுவும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"நோய் இல்லன்னு வந்துருச்சே, அப்ப பொருத்தமும் இருக்கும்ல மேடம்?" என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரி கவுன்சிலர் பிரிஸில்லா மேடம் நல்ல மாதிரி. எவ்வளவு கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். "ரெண்டும் வேற வேறம்மா" என்றார். "உங்ககிட்ட குரோமோசோம் எல்லாம் ஜோடி ஜோடியா இருக்குது. ஒண்ணு உங்கப்பா குடுத்தது, ஒண்ணு உங்கம்மா குடுத்தது. முட்டை உண்டாகும்போது ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுதான் உள்ள போவும். எது போவும்னு யாராலயும் சொல்ல முடியாது. இந்த ரத்தக் கோளாறு இருக்கறது ஒரு ஜோடியில, பொருத்தம் பாக்கறது இன்னொரு ஜோடியில. அந்த ஜோடியில நல்லபடியா விழுந்துச்சின்னு, இந்த ஜோடியிலயும் விழணும்னு கட்டாயம் கிடையாது."

கேட்டுக்கொண்டே இருக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. குன்றல் பகுப்பு! ப்ளஸ் ஒன்னில் கண்டிப்பாக வரும் என்று பயாலஜி மிஸ் அடிக்கோடு போடச் சொன்ன கேள்வி. நான் நாலு பக்கம் எழுதுவேன். ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, பிரிவதற்கு முன்னால் ஒன்றுக்கொன்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும், அதற்குப் பெயர் குறுக்கேற்றம். சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் வைத்துப் படம் போடுவேன். கடைசியில் முக்கியத்துவம் எழுத வேண்டும். "உடன்பிறந்தோரிடையே வேறுபாடுகள் தோன்றுகின்றன." அந்த வரிக்கு மிஸ் ஓரத்தில் 'நன்று' என்று போட்டார்.

என்ன நன்று!

செப்டம்பர் 13

வாந்தி. அத்தை நாரத்தங்காய் கொடுத்தார். அதுவும் வந்துவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாமாவோடு சண்டை. அவர் சத்தம் போடவில்லை, நான்தான் போட்டேன்.

அவருக்கு மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டுகிற வேலை. பதினைந்து வயதிலிருந்து அதுதான். கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையைச் சீவி, நல்ல மரத்துக் குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். தாய்மரம் செந்தூராவா, கன்றும் செந்தூரா. மல்கோவாவா, மல்கோவா. வாங்கிப் போகிறவர் அஞ்சு வருஷம் கழித்து வந்து சட்டையைப் பிடிக்க முடியாது.

நான் அரிசி களைந்தபடி, குழந்தை பிறந்ததும் யாரிடம் கைமாற்று கேட்பது, மஜ்ஜை மாற்றச் சென்னைக்குப் போனால் எங்கே தங்குவது என்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏன் மாமா, வாயைத் தொறந்து நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லேன்."

"என்னன்னு சொல்றது?"

"பொருந்தும்னு சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?"

அவர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். "ஒட்டுக் கன்னுன்னா நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன் வாணி. இது விதை. ஒரே மரத்துல, ஒரே கிளையில, ஒரே கொத்துல பறிச்ச காய். கொட்டையைப் போட்டா ஒண்ணு நார் நாரா வருது, ஒண்ணு புளிக்குது, ஒண்ணு தேனா இருக்குது. விதைக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

"உன் புள்ளைய மாங்கொட்டைங்கற!"

அவர் கத்தியை எடுத்துக்கொண்டார். வெளியே போய்விட்டார். சோறு குழைந்துவிட்டது.

செப்டம்பர் 25, வியாழன்

ரத்தம் ஏற்றினோம். எடை பதினேழரை. காய்ச்சல் இல்லை. நரம்பு கிடைத்தது.

அத்தை கூட வந்திருந்தார். படுக்கையில் உட்கார்ந்து இலக்கியாவின் காலை நீவிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாளுதான்டி என் ராசாத்தி. தம்பிப் பாப்பா வரும். அது ஒடம்புல இருந்து எடுத்து ஒனக்கு வெச்சிருவாங்க. அப்புறம் ஒனக்கு இந்த ஊசியே கெடையாது" என்றார்.

எனக்குத் திக்கென்றது. குழந்தையிடம் போய் இதைச் சொல்லலாமா? ஆனால் இலக்கியா முகத்தைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன். ஃபேனை விட்டுவிட்டு அத்தையையே பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "அம்மா, சின்னப் பாப்பா ஒடம்புல எவ்ளோ ரத்தம் இருக்கும்? ஒரு டம்ளர் இருக்குமா?"

"இருக்கும்."

"அவ்ளோதானா?"

"தொணதொணன்னு கேக்காத. தூங்கு."

அவளுக்கு ஆசை வந்துவிட்டது போல. பாவம்.

அக்டோபர் 20

தீபாவளி. எள்ளடை சுட்டேன், பாதி கருகிவிட்டது. இலக்கியா கம்பி மத்தாப்பு இரண்டு எடுத்து வைத்துவிட்டாள். பாப்பாவுக்காம். அடுத்த வருஷத்துக்குள் நமுத்துப்போகும் என்றேன். கேட்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மூன்று நாளாகக் காய்ச்சல். வயிறு உப்பியிருக்கிறது. மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: மஜ்ஜை மாற்றுவது என்றால் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கிற இரும்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போகிறது. வருஷம் போகப் போக ஆபத்து கூடும். வெளியாள் யாராவது பொருந்துகிறார்களா என்று தேடும் பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. ஒருவரும் இல்லை. பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு எல்லாரையும் பார்த்தாயிற்று. தாலி கட்ட மட்டும் பொருந்திய சொந்தம், இதற்குப் பொருந்தவில்லை.

"டெலிவரி எப்பம்மா?"

"மார்ச்சு சார்."

"பாப்போம்" என்றார்.

எல்லாரும் என் வயிற்றைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ராத்திரி கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே உதைத்தது. எப்படிப்பட்ட பாரம் அதன் தலையில்! இன்னும் வெளிச்சமே பார்க்காத தலை.

ஜனவரி 2

டைரி முடிந்துவிட்டது. முன்னாலிருக்கும் வெள்ளைப் பக்கங்களுக்கு வந்துவிட்டேன். இதில் போட்டிருக்கும் கிழமை போன வருஷத்தது, அதனால் கிழமை எழுதவில்லை. கோழிகளுக்கு இடம் விட்டு எழுத வேண்டியிருக்கிறது.

ஜனவரி 29

ரத்தம். எடை பதினெட்டு. காய்ச்சல் இல்லை.

பிரிஸில்லா மேடத்தைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, இப்போதாவது நான் ஏதாவது செய்யலாமா, ஏதாவது சாப்பிடலாமா, மாத்திரை உண்டா என்று கேட்டேன். பைத்தியக்காரக் கேள்விதான். மேடம் சிரிக்கவில்லை.

"இது எப்பவோ முடிஞ்சுபோன காரியம் வாணி. பொம்பளப் புள்ளைங்களுக்கு முட்டை எல்லாம் அம்மா வயித்துல இருக்கும்போதே உண்டாயிருது. ஜோடி சேந்து துண்டு மாத்திக்கறது அப்பவே நடந்துருது. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்பவே அது முடிஞ்சிருச்சி. எந்தப் பாதி போவுதுங்கறது மட்டும் அந்தந்த மாசம் முட்டை வரும்போது. அதுவும் நம்ம கையில இல்ல. உங்க மேல தப்பே கிடையாது."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. என் அம்மா என்னைச் சுமந்துகொண்டு மாங்கூழ் ஃபாக்டரியில் கொட்டை உருவியபோதே என் பிள்ளைகளின் கதையில் பாதி முடிந்துவிட்டதாம். அப்புறம் நான் பிறந்து, வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்து என்னத்தைக் கிழித்தேன்? தப்பு என்மேல் இருந்தாலாவது அடித்துக்கொண்டு அழலாம்.

மார்ச் 19

ஆண் குழந்தை. காலையில் பிறந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் நன்றாக இருக்கிறேன்.

மார்ச் 20

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

அவன் இலக்கியா! அச்சு அசல் இலக்கியா. அதே மூக்கு, அதே அகல நெற்றி, சிரிக்காமலே விழுகிற அதே குழி இடது கன்னத்தில். சிஸ்டர் துணியில் சுற்றிக் கொடுத்தபோது ஏழு வருஷம் பின்னால் போய்விட்டேனோ என்று தலை சுற்றியது. அத்தை முதல் வேலையாக அவன் உச்சந்தலையைத் தடவி முடியை விலக்கிப் பார்த்தார்.

"ரெட்டைச் சுழி! ஏ வாணி, அக்காளுக்கு இருக்கற அதே எடத்துல ரெட்டைச் சுழிடி!"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் சுழி பார்க்காமல் மாடும் வாங்க மாட்டார்கள், பெண்ணும் எடுக்க மாட்டார்கள். அத்தை குலசாமியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார், மாமாவுக்கு வைத்ததும் அந்தச் சாமி பேர்தான். "வேடியப்பா, கண்ணத் தொறந்துட்டடா. சுழி சேந்தா எல்லாம் சேரும். இனிமே எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தா எனக்கென்ன?"

முகம் ஒரு ஜோடி, பொருத்தம் ஒரு ஜோடி, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தெரியும். நாலு பக்கம் எழுதியவள் நான். இருந்தாலும் அவனைப் பார்க்கப் பார்க்க, இவ்வளவும் ஒன்றாக இருக்கும்போது அது மட்டும் எப்படி மாறும் என்று மனசு கேட்கிறது.

மாமா ஒரு ஓரமாக நின்று பார்த்தார். பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். 

மார்ச் 24

வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை பிள்ளைக்கு 'வைத்தியர்' என்று பேர் வைத்துவிட்டார். "வைத்தியரு முழிச்சிட்டாரா? வைத்தியருக்குப் பசிக்குதாம்." வருகிறவர்கள் எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். நிஜப் பேர் நாற்பது நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்.

இலக்கியா பக்கத்திலேயே வரவில்லை. கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறாள். மடியில் வைத்துக்கொள் என்றால் ஓடிவிடுகிறாள். பொறாமை. ஏழு வருஷம் ஒற்றைப் பிள்ளையாகக் கொஞ்சியதன் பலன்.

"ஒனக்காகத்தான்டி வந்திருக்கான்" என்றார் அத்தை. அவள் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

மார்ச் 28

பொருத்தம் பார்க்கப் பிள்ளையின் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்றார்கள். கத்தித் தீர்த்துவிட்டான். எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. குச்சியை வாயில் விட்டபோது இலக்கியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வராந்தா கடைசிக்கே ஓடிவிட்டாள். அவளைத் தேடிப் பிடிக்கவே நேரமாகிவிட்டது.

"குச்சிதான்டி, ஊசி இல்ல. அவனுக்கு வலிக்கல" என்றேன்.

"அழுதான்ல?"

"பசியில அழுதான்."

அவள் நம்பவில்லை. அழுகிற குழந்தையைக் கண்டால் எரிச்சல் போல. அப்படித்தான் இருப்பார்கள் முதல் பிள்ளைகள்.

ஏப்ரல் 2

ரத்தம் ஏற்றினோம். எடை பதினெட்டு. காய்ச்சல் இல்லை.

"தம்பிக்கும் இந்த ரூம்லதான் எடுப்பாங்களா?" என்று சிஸ்டரைக் கேட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 5

அத்தை வேண்டுதலை நிறைவேற்றிவிட்டார். ரிப்போர்ட் வராமலே! வேடியப்பன் கோவிலில் மண் குதிரை வைத்து, சேவல் அறுத்து, ஊருக்கே சோறு போட்டார். எனக்குத் தீட்டு, தெருமுனையிலேயே நின்றேன். அத்தை ஒவ்வொருவரிடமும் பிள்ளையின் தலையை விலக்கிச் சுழி காட்டினார்.

மாமா வரவில்லை. "கையில வரட்டும்மா, அப்புறம் குதிரை வெச்சிக்கலாம்" என்று காலையில் சொல்லியிருக்கிறார். "சாமி காரியத்துல அபசகுனமா பேசாதடா, ஒம் பொண்ணுக்குத்தானே செய்யறேன்" என்று அத்தை கத்தினார். நானும் அத்தை பக்கம்தான் பேசினேன். எழுதுவதற்கென்ன வெட்கம், தெருமுனையில் நின்றபடியே விழுந்து கும்பிட்டேன். சுழியை நம்பித்தான் கும்பிட்டேன்.

ஏப்ரல் 16

பொருந்தவில்லை.

ஏப்ரல் 17

பால் கொடுத்தேன். குளிப்பாட்டினேன். துணி துவைத்தேன்.

ஏப்ரல் 18

எழுதிவிடுகிறேன். 

பிரிஸில்லா மேடம் ஃபோனில் சொல்லாமல் நேரில் வரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. நல்ல சேதியை யாராவது நேரில் சொல்லக் காத்திருப்பார்களா? நானும் மாமாவும் போனோம்.

முழுக்கப் பொருந்தவில்லை, அதை விடு, பாதிகூடப் பொருந்தவில்லை. மேடம் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். பொருத்தம் பார்க்கிற இடத்தில் என்னிடம் இரண்டு, மாமாவிடம் இரண்டு, ஆக நாலு. இலக்கியாவுக்கு என்னுடையதில் ஒன்றும் அவருடையதில் ஒன்றும் போயிருக்கிறது. இவனுக்கு மிச்சமிருந்த இரண்டும் வந்திருக்கிறது. அவளிடம் இருப்பது ஒன்றுகூட இவனிடம் இல்லை.

"மூஞ்சி அப்படியே இருக்குதே மேடம். சுழிகூட..." என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"மூஞ்சிக்கு வேற எத்தனையோ இடம்மா" என்றார். அப்புறம், "உங்க ரெண்டு பேருகிட்ட இருந்த நாலும் இப்ப உங்க வீட்டுலயே இருக்குது. ஒண்ணும் வீணாப் போவல" என்றார். நல்ல மனசு. அதை வைத்து நான் என்ன செய்ய?

பாதிப் பொருத்தத்திலும் சில இடங்களில் செய்கிறார்களாம். ஆனால் இலக்கியாவின் ஈரல் இருக்கிற நிலையில் இப்போது வேண்டாம் என்கிறார் டாக்டர். வெளியாள் பட்டியலில் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். அதுவரை ரத்தம், மாத்திரை, ரத்தம்.

மாமா பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "மாமா, நீ சொன்னதுதான் சரி, போதுமா?" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சொன்னது தப்பாப் போவணும்னுதான்டி தெனம் வேண்டிக்கிட்டேன்" என்றார். அவர் அழுதார். என்னால் அழ முடியவில்லை.

ஏப்ரல் 20

அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தின்பண்டம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்கூட வாயைத் திறக்கவில்லை. வாய் ஓய்ந்தால் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

யாரும் அவனை வைத்தியர் என்று கூப்பிடுவதில்லை. வேறு பேரும் அவனுக்கு இல்லை. அழுதால் "அது அழுவுது பாரு" என்கிறார்கள்.

நானும்தான். இன்று பால் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டான் என்று தோன்றியது. ஒரு மாதக் குழந்தை! பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன். மூன்று வருஷம் யோசித்து, கடன்பட்டு, பயந்து, மருந்துக்காகப் பெற்ற பிள்ளை. இவனை இனி எதற்காக வளர்ப்பது என்று ஒரு நொடி, ஒரே நொடி, தோன்றிவிட்டது. என்னை நானே அறைந்துகொண்டேன். அவன் பயந்து பாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

இலக்கியாவிடம் யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது? அத்தை முடியாது என்றுவிட்டார். மாமா தலையைக் குனிந்துகொள்கிறார்.

ஏப்ரல் 23

ரத்தம் ஏற்றுகிற நாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனோம், பால் குடிக்கிறவனை விட்டுப் போக முடியாதே. அத்தை வரவில்லை.

இலக்கியா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பழக்கப்படி இடது கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டாள். சிஸ்டர் பாட்டிலைத் தொங்கவிட்டபடியே, "தம்பி ரிப்போர்ட் வந்துருச்சாக்கா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். எந்த இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஐயோ என்று வாயில் கை வைத்தார்.

இலக்கியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, நான்தான்.

"தம்பியோடது உனக்குச் சேரலயாம் சாமி."

"சேரலன்னா?"

"அவன் ஒடம்புல இருந்து எடுத்து உனக்கு வைக்க முடியாதாம்."

"கொஞ்சூண்டு கூடவா?"

"கொஞ்சூண்டு கூட."

அவள் யோசித்தாள். அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்ப எனக்கு எப்ப நல்லாவும் என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. 

"அப்ப அவனுக்கு ஊசி இல்லயா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"தம்பிக்கு. ஊசி குத்த மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க."

"பெருசானாலும்?"

"பெருசானாலும் இல்ல."

"சத்தியமா?" உள்ளங்கையை நீட்டினாள்.

அடித்துச் சத்தியம் செய்தேன். இத்தனை மாதத்தில் என்னால் கொடுக்க முடிந்த ஒரே வாக்கு. அவள் பெருமூச்சு விட்டாள். கிழவி மாதிரி, நெஞ்சு நிறைய. "எனக்கு பயமாவே இருந்துச்சிம்மா. அவன்கிட்ட ஒரு டம்ளர்தானே இருக்கு, அதையும் எடுத்துட்டா அவன் என்ன பண்ணுவான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொறாமையாம்! கதவோரத்தில் நின்றதும், காதைப் பொத்திக்கொண்டு ஓடியதும். பெற்றவள் என்று பேர், ஒரு மண்ணும் எனக்குத் தெரியவில்லை.

"அவனைக் குடு" என்றாள்.

கொடுத்தேன். முதன்முதலாக மடியில் வாங்கினாள். தலை விழாமல் இடது கையை முட்டுக் கொடுத்து, முழங்கையில் சாய்த்துக்கொண்டாள். எங்கே பார்த்துப் பழகினாளோ. இரண்டு முகமும் ஒரே முகமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"டேய் குட்டி, ஒனக்கு ஊசி இல்லடா" என்று அவனிடம் சொன்னாள்.

சிஸ்டர் ஊசியோடு நின்றார். "கண்ணு, அந்தக் கையைக் குடு."

இலக்கியா இடது கையைப் பார்த்தாள். அதில் அவன் தூங்க ஆரம்பித்திருந்தான்.  பிறகு வலது கையை நீட்டினாள்.

"இதுல குத்துங்க சிஸ்டர். அதுல தம்பி இருக்கான்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்ய முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஃபேனைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

எடை பதினெட்டு. காய்ச்சல் இல்லை.